அவள் அறையில் இல்லாத ஒன்பது நிமிடம்

நாத்தனார் எழுதிக்கொண்டு வந்திருந்த கடிதத்தில் ஏழு வரிகள் இருந்தன. பேனாவை அழுத்தி எழுதுகிற கை அவளுக்கு; தாளைத் திருப்பினால் பின்பக்கத்தில் எழுத்துகளை விரலால் தடவிப் பார்க்கலாம். சாப்பாட்டு மேசையில் ஈரமில்லாத இடமாகப் பார்த்து அதை வைத்தாள். மின்விசிறிக் காற்றில் பறந்துவிடாமல் மாத்திரை டப்பாவை எடுத்து மேலே வைத்தாள். கிழமைக்கு ஒன்றாக ஏழு அறைகள் உள்ள நீல டப்பா. வேண்டுமென்றே அதை எடுத்தாளா, கைக்கு அகப்பட்டது அதுதானா என்று மருமகளால் சொல்ல முடியவில்லை. ஐந்து வாரமாக இந்த வீட்டில் எது வேண்டுமென்று நடக்கிறது, எது தானாக நடக்கிறது என்று பிரித்துப் பார்க்கிற தெம்பு அவளுக்குப் போய்விட்டிருந்தது.

“நீதான் டைப் அடிக்கிறவளாச்சே. இத அழகா அடிச்சு, கீழ கையெழுத்துப் போட்டு வை. ஞாயித்துக்கிழம அஞ்சு மணிக்கு வந்து வாங்கிக்கறேன். திங்கக்கிழம பத்து மணிக்கு விசாரணை.”

“சரி அண்ணி.”

“வார்த்தைய மாத்தாத. வெவரம் தெரிஞ்சவங்ககிட்ட காட்டி எழுதினது.”

ஐந்தாவது வரிதான் கடிதம். மற்ற ஆறும் அதைத் தாங்கிப் பிடிக்க வந்தவை. ‘பல் எடுப்பதற்காக நிறுத்தப்பட்ட மாத்திரையை மீண்டும் தொடங்க வேண்டும் என்று மருத்துவர் என்னிடமோ நோயாளியிடமோ கூறவில்லை.’

நடந்தது இவ்வளவுதான். மாமனாரின் இதயம் ஆறு வருடமாகத் தாளம் தப்பி அடிக்கிறது. ரத்தம் கட்டி சேராமல் இருக்க தினம் ஒரு மாத்திரை. கடைவாய்ப் பற்கள் மூன்றைப் பிடுங்க வேண்டி வந்தபோது மூன்று நாளைக்கு அதை நிறுத்தச் சொன்னார் இதய டாக்டர். நிறுத்தினார்கள். பல் போயிற்று, காயமும் ஆறிற்று. மாத்திரை திரும்பவில்லை. இருபத்திரண்டாம் நாள் காலை, செய்தித்தாளை மடித்துக்கொண்டிருந்தவரின் வலது கை மடிப்பின் பாதியில் நின்றது. “என்ன மாமா?” என்று கேட்டாள். அவர் ஏதோ சொன்னார். அது எந்த மொழியும் இல்லை. இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில், மூன்று வாரம் வீட்டில். வலது பக்கம் செத்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. கூடத்தை ஒட்டிய அறையில், காற்றடைத்த மெத்தையின் மேல், மோட்டார் உஸ்ஸென்று மூச்சு விட, விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார்.

நாத்தனார் ஆஸ்பத்திரி மேல் புகார் கொடுத்தாள். பதில் நாலே வரியில் வந்தது. ‘மாத்திரையை மீண்டும் தொடங்குவது பற்றி நோயாளிக்கு விளக்கப்பட்டது. உடன் வந்தவர்: மருமகள்.’ அந்தக் கடைசிச் சொல்லுக்குப் பக்கத்தில் நாத்தனார் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தாள். பிறகு அதை ரப்பரால் அழித்திருந்தாள். அழித்த தடம் அப்படியே இருந்தது.

“அப்ப டாக்டர் பொய் சொல்றாரு. இல்லன்னா நீ சொல்ற. ரெண்டுல ஒண்ணுதானே?” என்று கேட்டாள் நாத்தனார். சத்தம் போட்டுக் கேட்கவில்லை. விளக்கு எரியவில்லை என்றால் ஒன்று பல்பு போயிருக்க வேண்டும், இல்லை கரண்ட் போயிருக்க வேண்டும் என்பது போலத்தான் கேட்டாள். “டாக்டர்னு நான் நம்பறேன். அதத்தான் எழுதியிருக்கேன். நீ கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது.”

கணவன் சரக்கு ரயில் ஓட்டுகிறவன். கிளம்பினால் இரண்டு நாள், வந்தால் ஒரு நாள் தூக்கம். ஓர் அக்காவுக்கும் ஒரு பெண்டாட்டிக்கும் நடுவில் எப்படி நிற்பது என்று அவன் கண்டுபிடித்த வழி, நிற்காமல் ஓடிக்கொண்டே இருப்பது. “அக்கா சொல்றபடி போட்டுக் குடுத்துரேன். எதுக்கு வம்பு?” என்றான். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல், “மறந்திருந்தா சொல்லிடு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். மனுஷங்களுக்கு மறக்கறதுதான்,” என்றான். நாத்தனாரின் பென்சில் கேள்விக்குறியை விட அது ஆழமாக இறங்கியது. மன்னிப்பைக் கையில் வைத்துக்கொண்டு குற்றத்துக்காகக் காத்திருக்கிறவனிடம் என்ன பேசுவது?

அவளுக்கு ஒன்று தெரியும். அந்த வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது. அன்றைக்கு டாக்டர் அறையில் பேசிய பேச்சு முழுவதும் அவளுடைய போனில் இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் ஆரம்பித்த பழக்கம். ஒவ்வொரு முறை ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் நாத்தனார் போன் செய்வாள். டாக்டர் என்ன சொன்னார், எந்த வார்த்தையில் சொன்னார், சொல்லும்போது ஃபைலைப் பார்த்தாரா அப்பா முகத்தைப் பார்த்தாரா என்று கேட்பாள். ஒரு தடவை உப்பைக் குறைக்கச் சொன்னார் என்று இவள் சொல்ல, நாத்தனார் டாக்டருக்கே போன் போட்டுக் கேட்க, அவர் ‘அப்படியா சொன்னேன்?’ என்றிருக்கிறார். அன்று முதல் இவள் பொய்க்காரி. மறுமுறை போகும்போது வெளியே நாற்காலியில் காத்திருக்கும்போதே போனில் ஒலிப்பதிவை அழுத்தி, கைப்பையில் போட்டு, ஜிப்பை விரற்கடை அளவு திறந்து வைத்தாள். உள்ளே போய் வெளியே வரும் வரை அதைத் தொடவே மாட்டாள், தொட்டால் பிடிபடுவோம். வீட்டுக்கு வந்து காதில் மாட்டிக்கொண்டு கேட்டு, டாக்டரின் சொற்களை அப்படியே ஒரு நோட்டில் எழுதி, நாத்தனார் போன் செய்ததும் பார்த்து வாசிப்பாள். “இப்பல்லாம் கவனமா கேக்கற,” என்று நாத்தனாரே ஒருநாள் மெச்சினாள். பிறர் பேச்சைக் கேட்டு எழுத்தாக்குவதுதான் அவள் பிழைப்பு. ஒரு வக்கீலம்மாவிடம் பதினோரு வருடமாகத் தட்டச்சு வேலை. வக்கீலம்மா காரில் வரும்போது போனில் பேசி அனுப்புவதை, முக்கால் வேகத்தில் ஓடவிட்டு, தும்மலையும் ஹாரனையும் நீக்கி மனுவாக அடித்துக் கொடுப்பாள். மாமனார் அவளைக் கூப்பிடுவதே “டைப்பு” என்றுதான். “டைப்பு, இந்தக் கண்ணாடிய எங்க வச்சேன்?” “உங்க நெத்தில மாமா.”

பல்லுக்காகப் போன அன்றும் பதிவு செய்தாள். ஆனால் வெறும் பல் சமாசாரம். நாத்தனாரும் போனில் துருவவில்லை. அதனால் கேட்கவே இல்லை. அன்றைக்கு நடந்ததில் அவளுக்கு ஞாபகமிருந்தது இதுதான். ‘மூணு நாள் நிறுத்துங்க’ என்றார் டாக்டர். பழைய ஈசிஜி ஃபைலில் இல்லை என்று நர்ஸ் சொல்ல, இவள் எழுந்து போய் ரெக்கார்டு அறையில் நின்று வாங்கி வந்தாள். வந்தபோது டாக்டர், “அப்பாகிட்ட எல்லாம் சொல்லியிருக்கேன்மா, அவரு சொல்வாரு,” என்றார். டாக்சியில் கேட்டபோது மாமனார் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். “திரும்ப எப்பன்னு அவரே சொல்றேன்னுட்டாரு. அது வரைக்கும் அந்த மாத்திரைய டப்பால போடாத.” போடவில்லை.

ஆஸ்பத்திரியின் நாலு வரி பதில் வந்த மறுநாள், மதிய உணவு நேரத்தில், ஆபீஸில் தாள் கட்டுகள் அடுக்கிய சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அதைக் கேட்டாள். ‘அவரே சொல்றேன்னுட்டாரு’ என்பதை டாக்டர் வாயாலேயே கேட்டுவிட்டால் போதும், நாத்தனார் முன்னால் போனை வைத்துவிடலாம் என்ற நிம்மதியோடுதான் கேட்டாள். பதிவில் அவளே எழுந்து போகும் சத்தம் வந்தது. கதவு சாத்தியது. பேச்சு அதோடு நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. ஈசிஜி வாங்கப் போகும் அவசரத்தில் கைப்பையை நாற்காலியிலேயே விட்டுப் போயிருந்தாள்.

“டாக்டர், அவ வர்றதுக்குள்ள ஒண்ணு கேக்கணும்,” என்றார் மாமனார். “நிறுத்தின மாத்திரை நிறுத்தினதாவே இருக்கட்டுமே?”

“மூணு நாள்தான் ஐயா. காயம் காஞ்சதும் அன்னிக்கே ஆரம்பிச்சிரணும்.”

“ஆரம்பிக்கலன்னா?”

“கட்டி சேரும். மூளைக்குப் போகும்.”

நாற்காலி கிறீச்சிட்டது. மாமனார் முன்னால் நகர்ந்திருக்க வேண்டும். அடுத்த பேச்சு கைப்பைக்கு இன்னும் கிட்டத்தில் கேட்டது. “எனக்கு எழுபத்தெட்டு. முப்பது வருஷம் பிரேக் இன்ஸ்பெக்டரா வண்டிகளுக்குத் தகுதிச் சான்று எழுதினவன். எந்த வண்டி இன்னும் ஓடும், எதுக்கு ஸ்பேர் மாத்தறது வீண்னு பாத்தாலே சொல்லிருவேன். என் சம்சாரம் நாலு வருஷம் படுக்கைல கெடந்தா. நான் அப்படிக் கெடக்கறதா இல்ல. ஒரே அடியா ஆஃப் ஆயிரணும்.”

“ஒரே அடியா ஆஃப் ஆகும்னு யாரு சொன்னா? நடுரோட்டுல நிக்கும் ஐயா. பாதி ஓடும், பாதி ஓடாது. அப்படி எத்தன பேர நான் தெனம் பாக்கறேன்.”

“அப்ப தள்ளிக்கிட்டுத்தான் போகணுங்கறீங்க!” மாமனார் சிரித்தார். வயிற்றிலிருந்து கிளம்பி, மேலே ஏறி, இருமலில் போய் முடிகிற அவருடைய சிரிப்பு. அதன் பிறகு நாலு விநாடி ஒன்றுமில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும்.

“என் பொண்ணுக்குத் தெரியக் கூடாது டாக்டர். அவ அம்மாவுக்கு நாலு வருஷமும் அவதான் செஞ்சா. குளிப்பாட்டறது, தொடைக்கறது, எல்லாம். அதுக்கு முன்னாடி பாடிக்கிட்டே வீட்டக் கூட்டற பொண்ணு அது. அப்புறம் அவ வாய்ல ஒரு பாட்டு நான் கேக்கல. இன்னொரு தடவ அவள அதுக்குள்ள தள்ள மாட்டேன்.”

“மருமகள்கிட்டயாவது சொல்லுங்க.”

“அவகிட்டயும் வேணாம். தெரிஞ்சிருந்தும் ஏன் தடுக்கலன்னு என் பொண்ணு அவள உரிச்சுத் தொங்க விட்டுருவா. ஒண்ணும் தெரியாதவ மேல யாரு தப்புச் சொல்ல முடியும்?”

டாக்டர் மேசையில் பேனாவைத் தட்டுவது கேட்டது. எழுதாமல் இருக்க முடியாது என்றார். ஃபைலைத் தன் பெண் வாங்கிப் படிப்பாள் என்றார் மாமனார். “இப்போதைக்கு விளக்கிச் சொன்னேன்னு மட்டும் எழுதறேன்,” என்றார் டாக்டர். “ரெண்டு வாரம் யோசிச்சுட்டு வாங்க. அப்பவும் இதையே சொன்னா, வீட்டுக்காரங்கள உக்கார வச்சுப் பேசாம விட மாட்டேன்.” “வர்றேன், வர்றேன்.” பிறகு கதவு திறந்து, “கிடைச்சிருச்சு டாக்டர், கடைசி ஃபைல்ல இருந்துச்சு!” என்று அவளுடைய குரலே கேட்டது. ஏதோ பரிசு வாங்கி வந்தவள் போல, அசட்டு உற்சாகத்தோடு. அந்த இரண்டாவது வாரம், ‘பல்லு நல்லா ஆறட்டும், அடுத்த மாசம் போலாம்’ என்று மாமனார் சொன்னதும், ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து நாளை மாற்றியது அவள்தான்.

ஒன்பது நிமிடம். தாள் கட்டுகளின் மேல் உட்கார்ந்து அதை மூன்று முறை கேட்டாள். முதல் முறை மாமனார் மேல் ஆத்திரம் வந்தது. இரண்டாம் முறை அழுகை. மூன்றாம் முறை, தொழில் புத்தி விழித்துக்கொண்டு, இதை எங்கே வெட்டலாம் என்று பார்த்தது. எங்கேயும் வெட்ட முடியவில்லை. அவளைக் காப்பாற்றுகிற வார்த்தையும், யாரும் கேட்கக் கூடாத வார்த்தையும் ஒரே மூச்சில் வந்திருந்தன. அதன் பிறகு எத்தனை தடவை கேட்டாள் என்ற கணக்கு இல்லை. பஸ் நிறுத்தத்தில், மாடிப்படியில், குழாயைத் திறந்துவிட்டுக் குளியலறையில். இப்போது அந்த ஒன்பது நிமிடமும் அவளுக்கு மனப்பாடம்.

வெள்ளிக்கிழமை நாத்தனார் கடிதம் கொடுத்தாள். சனிக்கிழமை வக்கீலம்மாவிடம் ஒரு குத்தகைப் பத்திரத்தை நீட்டும்போது, பார்வையைத் தாளிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள்.

“மேடம், ஒருத்தங்க போன் பண்ணிக் கேட்டாங்க. டாக்டர் பேசறத அவருக்குத் தெரியாம பதிவு பண்ணலாமான்னு.”

வக்கீலம்மா மூக்குக்கண்ணாடியை இறக்கினார். “அவங்களும் அந்த ரூம்ல இருந்தாங்களா?”

“இருந்தாங்க.”

“தன்கிட்ட பேசின பேச்சத் தான் பதிவு பண்ணா பெருசா ஒண்ணும் பண்ண முடியாது. சுவத்துல ‘பதிவு செய்யாதீர்’னு எழுதி ஒட்டியிருப்பாங்க. அது பூப் பறிக்காதீர்னு பூங்காவுல எழுதற மாதிரி. டாக்டர் மூஞ்சியத் தூக்கி வச்சிக்குவாரு, வேற டாக்டரப் பாருன்னுவாரு. அவ்வளவுதான்.”

“நடுவுல கொஞ்ச நேரம் வெளிய போயிட்டாங்களாம். பை உள்ளயே இருந்துச்சாம்.”

வக்கீலம்மா இப்போது கண்ணாடியைக் கழற்றியே விட்டார். “அது வேற கதை. தான் இல்லாத எடத்துல ரெண்டு பேர் பேசினத எடுத்தா அதுக்குப் பேரு ஒட்டுக் கேக்கறது. அதுவும் டாக்டரும் நோயாளியும். மறந்து வச்சாளா, வேணும்னே வச்சாளா?”

“மறந்துதான் மேடம்.”

“நீ நம்பற. எதிர்ல உக்காந்திருக்கறவன் நம்பணுமே? ‘ரெக்கார்டு பண்றதே திருட்டுத்தனம், இதுல மறதி வேறயா’ன்னு கேப்பான்.”

“அந்தப் பகுதிய மட்டும் எடுத்துட்டுக் குடுத்தா?”

“பதினோரு வருஷமா என்கிட்ட இருந்துக்கிட்டு இதக் கேக்கறியே. வெட்டின பதிவ எவன் ஏத்துக்குவான்? ‘அந்த ஒன்பது நிமிஷம் எங்க’ன்னுதான் மொத கேள்வியே வரும். குடுத்தா முழுசாக் குடுக்கணும். இல்லன்னா குடுக்கவே கூடாது.”

எத்தனை நிமிடம் என்று அவள் சொல்லவில்லை. மறுபடி நினைத்துப் பார்த்தாள், நிச்சயமாகச் சொல்லவில்லை. ஆனால் நேற்றுத் தாள் அறைக்குள் காதில் மாட்டிக்கொண்டு, போனை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தபோது, கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, ‘ஸ்டேப்ளர் தேடினேன்’ என்று சாத்திக்கொண்டு போனவர் வக்கீலம்மாதான். போனின் முகத்தில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

வக்கீலம்மா பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, சாதாரணமாக, “அந்தம்மாகிட்ட சொல்லு. சட்டத்துக்கு பயந்து முடிவெடுக்க வேணாம். கேஸு வந்தா பாத்துக்கலாம். கேஸு வராத பக்கந்தான் கஷ்டம்,” என்றார்.

அன்று சாயங்காலம் ஆபீஸிலேயே இருந்து இரண்டு கடிதம் அடித்தாள். முதலாவதில் நாத்தனார் எழுதியபடி, ‘என்னிடமோ நோயாளியிடமோ கூறவில்லை.’ இரண்டாவதில் ‘நோயாளியிடமோ’வை எடுத்துவிட்டு, ‘என்னிடம் கூறவில்லை.’ இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். முதலாவதில் கையெழுத்துப் போட்டால் டாக்டர் கவிழ்ந்தார். ஒரு கிழவரின் ரகசியத்தைக் காப்பாற்றப் போய் ஃபைலில் ஒரு வரி குறைத்து எழுதியவர். விசாரணையிலும் அந்த ஒரு வரியையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நிற்கப் போகிறவர். இரண்டாவதில் போட்டால், அவள் வரைக்கும் அது உண்மை. ஆனால் நாத்தனார் கேட்பாள். அப்பாகிட்ட சொன்னாங்கன்னா அப்பா உன்கிட்ட சொல்லியிருப்பாரே? டப்பால மாத்திரை நிரப்பறது யாரு? ஐந்து வாரமாக இந்த வீட்டுச் சுவர்களில் ஊறிக்கொண்டிருந்த சந்தேகம் அப்புறம் கல்லாக இறுகிவிடும். அவள் இருக்கும் வரை, இந்த வீட்டில் ஒவ்வொரு தம்ளர் தண்ணீரும் அதைத் தொட்டுக்கொண்டுதான் அவள் கைக்கு வரும். மூன்றாவது வழி கைப்பைக்குள் இருந்தது. அதை எடுத்து வைத்தால் அவள் தப்பிப்பாள், டாக்டர் தப்பிப்பார். மகளும் மகனும், தங்கள் அப்பா தங்கள் கையில் கிடப்பதை விடச் செத்துப்போவதே மேல் என்று சொல்வதை அவர் வாயாலேயே கேட்பார்கள். அதுவும், அப்படியே அவர் கிடக்கிற கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று.

அந்த உண்மை அவளுடையது இல்லை. அவருடையது. கேட்க வேண்டியவரிடம் கேட்டுவிடுவது என்று ஞாயிற்றுக்கிழமை மதியம் அவளுக்குத் தோன்றியது. ஐந்து வாரமாக ஏன் தோன்றவில்லை என்று வெட்கமாகவும் இருந்தது. பேச்சுப் போனதும் ஆளே போய்விட்டார் என்று எல்லோரையும் போல அவளும் நடந்துகொண்டிருக்கிறாள். அவர் முன்னாலேயே அவரைப் பற்றி ‘தூங்கினாரா, வெளிக்குப் போனாரா’ என்று பேசுகிறார்கள். அவர் கண் மட்டும் பேசுகிறவரிலிருந்து பேசுகிறவருக்கு மாறி மாறிப் போய்வருகிறது.

கணவன் காலையிலேயே வேலைக்குக் கிளம்பியிருந்தான். நாத்தனார் வர இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. மாமனாருக்குக் கஞ்சி கொடுத்து, வாயைத் துடைத்து, கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தினாள். அவருடைய இடது பக்கமாக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். அந்தக் கைதான் உயிரோடு இருந்தது.

“மாமா, நான் ஒரு தப்பு பண்ணியிருக்கேன்.”

அவர் கண் திரும்பியது.

“ஆஸ்பத்திரிக்குப் போறப்பல்லாம் டாக்டர் பேசறத போன்ல எடுப்பேன். அண்ணிக்குச் சொல்றதுக்காக. பல்லுக்குப் போனமே, அன்னிக்கு நான் வெளிய போனப்பவும் அது ஓடிக்கிட்டிருந்துச்சு மாமா. நீங்க பேசினது எல்லாத்தையும் நான் கேட்டுட்டேன்.”

முகத்தின் பாதி அசைந்தது. அது கோபமா, சிரிப்பா, வெறும் தசை இழுப்பா என்று பாதி முகத்தை வைத்துக்கொண்டு சொல்ல முடியாது. நம்பவில்லையோ என்று அவளுக்குப் பட்டது. காதொலிப்பானை அவர் காதில் வைத்தாள். நிற்காமல் வழுக்கி விழுந்தது. வலது காதுதான் அவருக்கு நன்றாகக் கேட்கும். அதனால் எழுந்து போய், அவருக்கு அந்தப் பக்கம் இருந்த ஜன்னல் கட்டையில் போனைச் சாய்த்து வைத்து, சத்தத்தைக் கூட்டி, அந்த இடத்திலிருந்து ஓடவிட்டு, திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

“டாக்டர், அவ வர்றதுக்குள்ள ஒண்ணு கேக்கணும்.”

தன் குரலைக் கேட்டதும் மாமனாரின் உடம்பு மெத்தையிலிருந்து விலகியது போல ஓர் அசைவு அசைந்தது. கண் விரிந்து அறையில் யாரையோ தேடியது. அவள் அவருடைய இடது கையை எடுத்துத் தன் வலது கைக்குள் வைத்துக்கொண்டாள்.

“மாமா, நான் கேக்கறதக் கேளுங்க. இத அண்ணிகிட்ட குடுக்கட்டுமா? குடுக்கலாம்னா கைய ஒரு தடவ அழுத்துங்க. வேணாம்னா ரெண்டு தடவ.”

அழுத்தினார். விரல்கள் இரும்பாக இறுகின. ஒன்று என்று எண்ணினாள். இரண்டாவதுக்குக் காத்திருந்தாள். விரல்கள் தளரவே இல்லை, தளர்ந்தால்தானே இரண்டாவது. எதையாவது பிடித்தால் விடுவதற்கு இப்போது அவருக்குத் தெரியாது, விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும் என்று உடற்பயிற்சி சொல்லித்தர வருகிறவர் போன வாரம் சொல்லியிருந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. இது சரி என்கிறாரா, வேண்டாம் என்கிறாரா, அல்லது பிடித்திருக்கிறார், அவ்வளவுதானா?

“மாமா, கொஞ்சம் விடுங்க. திரும்ப கேக்கறேன்.”

அவர் அவளையே பார்த்தார். கண்ணில் தண்ணீர் நிறைந்து, சரிந்த பக்கமாக வழிந்து காதுக்குள் இறங்கியது. ஜன்னல் பக்கத்திலிருந்து அவருடைய குரல், திடமாக, கொஞ்சம் அதட்டலாக, வண்டிகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது.

வாசற்கதவில் சாவி திரும்பியது.

மணி நாலுகூட ஆகவில்லை. நாத்தனாரிடம் இந்த வீட்டின் சாவி எப்போதும் உண்டு. “பஸ்ஸு சீக்கிரம் கெடச்சுது. அடிச்சாச்சா? கையெழுத்துப் போட்டியா?” கூடத்திலிருந்து பேசிக்கொண்டே வந்தாள். கைப்பையை மேசையில் வைக்கிற சத்தம், நாற்காலியை ஓரம் தள்ளுகிற சத்தம். “லெட்டர் ரெண்டு காப்பி வேணும்னு சொல்ல மறந்து…” பேச்சு அதிலேயே நின்றது.

மருமகள் எழுந்தாள். எழ முடிந்தது, நகர முடியவில்லை. கட்டிலுக்குக் குறுக்கே அவர் மார்புக்கு மேலாக இடது கையை நீட்டினாள். ஜன்னல் கட்டைக்கு இன்னும் ஒரு முழம் இருந்தது. இழுத்தாள். அவர் கை அவளோடு கூடவே வந்தது. விடவில்லை. குனிந்து, அவருடைய சுண்டுவிரலைத் தன் விரலால் நெம்பினாள். அது பிரிந்து, அடுத்ததற்குப் போவதற்குள் மறுபடி மூடிக்கொண்டது.

“நடுரோட்டுல நிக்கும் ஐயா. பாதி ஓடும், பாதி ஓடாது. அப்படி எத்தன பேர நான் தெனம் பாக்கறேன்.”

“அப்ப தள்ளிக்கிட்டுத்தான் போகணுங்கறீங்க!”

நாத்தனார் அறை வாசலில் நின்றாள். ஐந்து வாரமாகக் கேட்காத குரல். அவள் முகத்தில் இருந்த எல்லாம், கணக்கும் கண்டிப்பும் களைப்பும், ஒரே நொடியில் எங்கோ போய்விட்டிருந்தன.

“அப்பா பேசறாரா?” என்றாள். “ஏய், அப்பா பேசறாரா?”

பதிலுக்குக் காத்திராமல் ஓடி வந்து கட்டிலின் மேல் கவிழ்ந்தாள். அப்பாவின் தாடையை இரண்டு கையாலும் ஏந்தி, தன் காதை அவர் வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டு, இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று முனகினாள். அவர் உதடு அசையவில்லை. சிரிப்பு மட்டும் அறை முழுக்க உருண்டு, மேலே ஏறி, இருமலில் போய் முடிந்தது. அதன் பிறகு நாலு விநாடி மின்விசிறிச் சத்தம்தான் இருக்கும், அடுத்தது ‘என் பொண்ணுக்குத் தெரியக் கூடாது’ என்று மருமகளுக்குத் தெரியும். சுண்டுவிரலை விட்டுவிட்டு, கட்டைவிரலை நெம்பத் தொடங்கினாள்.